மூன்றாம் அடுக்கின் மூச்சு

பரிசோதனைக்கூடம் சுரங்க வளாகத்தின் கோடியில் இருந்தது. கரி கழுவும் தொட்டிகளைத் தாண்டி, தண்டவாளம் முடிகிற இடத்தில், யாரோ கோபித்துக்கொண்டு ஒதுக்கி வைத்ததைப் போலத் தனியாக நின்றது. தகரக் கூரை, இரண்டு சன்னல், சாம்பல் நிறச் சுவர். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே காலடி வைத்தபோது, முதலில் வந்து முகத்தில் மோதியது வாசனைதான். தீக்குச்சியை உரசி அணைத்தால் வருமே, அது. அதற்கு அடியில் ஈரத் துருவின் வாசனை.

உள்ளே ஒரே ஒரு ஆள் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் அவரைத் 'தராசு அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள் என்று அவள் கணவன் சொல்லியிருந்தான். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் சிலருடைய இடுப்பில் ஒரு சின்னப் பம்பைக் கட்டி அனுப்புவார்கள். அது அவர்கள் சுவாசிக்கிற காற்றை இழுத்து, உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை வடிதாள் ஒன்றில் தூசியைப் பிடித்து வைக்கும். மேலே வந்ததும் அந்தத் தாளை எடைபோட்டு எழுதுவது அவருடைய வேலை.

"நீங்கதான் புது கெமிஸ்ட் மேடமா?" அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "முன்னாடி இருந்தவர் பதினோரு வருஷம் இருந்தார். நீங்க எத்தனை நாளுன்னு பார்ப்போம்."

"வந்த வாசல்லயே வழியனுப்பி வைக்கறீங்களே அண்ணா."

அவர் சிரிக்கவில்லை. மேசை நடுவில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த தராசைக் காட்டினார். அதன் மேல் பச்சைத் துணி போர்த்தியிருந்தது.

"வேலை முடிஞ்சதும் அதை மூடிடுங்க. அதுக்குக் கீழே இருக்கற டிராயரைத் திறக்காதீங்க. மத்தபடி இங்க ஒரு தொந்தரவும் கிடையாது."

அவள் தலையாட்டினாள். அவளுக்கு அன்று எதுவுமே தவறாகப் படவில்லை. கல்யாணமாகி எட்டு மாதம் குவார்ட்டர்ஸில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளுக்கு, படித்த படிப்புக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. அதுவும் அவன் வேலை பார்க்கிற அதே இடத்தில். காலையில் அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "இனிமே உங்களைப் பார்த்தா எழுந்து நிக்கணுமா மேடம்?" என்று கேட்டு அவள் மூக்கில் ஒரு கரிக்கோடு போட்டுவிட்டுப் போயிருந்தான். அதைத் துடைக்க அவளுக்கு மனசே வரவில்லை.

பதினோரு மணிக்கு மேனேஜர் வந்தார். கையில் ஒரு படிவம்.

"மூணாம் அடுக்கு தண்ணி புகுந்து நாலு வருஷமா மூடிக் கிடந்தது. இப்ப இறைச்சாச்சு. திங்கட்கிழமை திறக்கறோம். உங்க வீட்டுக்காரர்தான் முதல் ஷிப்டுக்கு மேஸ்திரி. நீங்க கையெழுத்துப் போட்டா அவர் இறங்குவார். குடும்பமா சேர்ந்து திறந்து வைக்கறீங்க, பாருங்க."

பரிசோதிக்க வேண்டிய கரித்தூள் புட்டியில் தயாராக இருந்தது. தராசு அண்ணன் அரைத்து வைத்திருந்தார். புட்டியின் மேல் 'கலவை' என்று எழுதியிருந்தது.

"மூணாம் அடுக்குக் கரி மட்டும் தனியா இல்லையா சார்?"

"மூணு அடுக்குக் கரியும் கடைசியில ஒரே வண்டியிலதானே போகுது? கலந்துதான் பார்ப்போம். பதினோரு வருஷமா அப்படித்தான். புதுசா வந்தவங்க புதுசா எதையும் ஆரம்பிக்க வேண்டாம்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அவள் கலவையைப் பரிசோதித்தாள். நீல லிட்மஸ் தாள் நீலமாகவே இருந்தது. அமிலம் இல்லை. தண்ணீர் இறைக்கப் போனவர்களின் வடிதாள்களில் தூசியின் எடையும் சட்டம் சொன்ன அளவுக்குள் இருந்தது. மாலை நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டாள்.

பேனாவைத் தூக்கிய அந்த நொடியில், தராசுக்குக் கீழே மூடியிருந்த டிராயருக்குள் யாரோ இருமினார்கள்.

அவள் திரும்பினாள். தராசு அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் உதடு அசையவில்லை.

*

வீட்டில் சமையலறைச் சன்னல் விளிம்பில் ஒரு கரித்துண்டு இருந்தது. எலுமிச்சை அளவு. கறுப்புக்குள் பொன்னிறப் பொடி தூவியது போல மினுமினுக்கும். மூணாம் அடுக்கைப் பார்த்து வரப் போனவன், முந்தின நாள் அதைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தான். அந்த அடுக்குக்குள் முதல் தடவை போகிறவன் ஒரு மினுக்குக் கரியை எடுத்து வந்து பெண்டாட்டி கையில் கொடுப்பது அந்தச் சுரங்கத்தில் பல வருஷமாக இருந்த வழக்கம்.

"தங்கம்னு நினைச்சுக்கோ," என்றிருந்தான். "நிஜத் தங்கம் கேட்டா நான் இன்னும் ஆழமாத் தோண்டணும்."

வியாழக்கிழமை மாலை எதிர்வீட்டு அக்கா பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தாள். சன்னலைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் புருஷன் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவரும் மூணாம் அடுக்கில்தான் வேலை பார்த்தவர்.

"இதைத் தூக்கி எறி."

"ஏங்க்கா? ஆசையாக் கொண்டுவந்து கொடுத்தார்."

"என் வீட்டுலயும் ஆசையாத்தான் வந்தது. இப்ப அது இருக்கு, ஆள் இல்லை." அவள் பாத்திரத்தை மேசைமேல் ஓசையெழ வைத்தாள். "அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சதும் உங்க ஆபீசுக்குத்தான் நடையா நடந்தோம். ஒவ்வொரு தடவையும் அந்த கெமிஸ்ட் ஒரே பதிலைச் சொன்னான். எடை சரியாத்தான் இருக்கு, எடை சரியாத்தான் இருக்குன்னு. இப்ப அந்த நாற்காலியில நீ. நீயும் கையெழுத்துப் போட்டுட்டியாமே?"

அக்கா கதவைச் சாத்தாமலே போனாள்.

கரித்துண்டைத் தூக்கிப் பார்த்தபோது அதன் அடியில் ஈரம் கசிந்திருந்தது. சன்னல் விளிம்பின் வெள்ளைப் பூச்சில் துரு நிறத்தில் ஒரு வட்டம். தேய்த்தாள். போகவில்லை.

இரவு அவன் தூங்கிய பிறகும் அவள் விழித்திருந்தாள். கல்லூரியில் பந்து விளையாடும்போது அவனுக்கு மூக்கு உடைந்திருந்தது. அதனால் அவன் மூச்சுக்கு ஒரு தனி நடை உண்டு. உள்ளே போகும். உச்சியில் ஒரு நொடி நிற்கும். மெலிதாக ஒரு விசில். பிறகு வெளியே வரும். கல்யாணமான முதல் வாரம் அந்தச் சத்தத்தில் அவளுக்குத் தூக்கமே வரவில்லை. இப்போது அது இல்லாவிட்டால் தூக்கம் வராது.

*

வெள்ளிக்கிழமை மதியம் தராசு அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். அவள் பச்சைத் துணியை எடுத்துவிட்டுத் தராசை இயக்கினாள். தட்டில் ஒன்றும் இல்லை. கண்ணாடிக் கதவுகள் மூடியிருந்தன. எண் பூச்சியத்தில் நின்றது.

பிறகு ஏறியது.

மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. மறுபடி ஏறியது. காற்று பட்டால் எண் துடிக்கும், அது அவளுக்குத் தெரியும். மின்விசிறியை நிறுத்தினாள். சன்னலைச் சாத்தினாள். எண் நிற்கவில்லை. இழுத்து இழுத்து, மேடு ஏறுகிறவனைப் போல, ஏறியது. இறங்கியது.

அது மூச்சு.

கூண்டின் கண்ணாடியில், உள்பக்கமாக, ஆவி படிந்தது. ஒரு வாயின் அகலத்துக்கு. அந்த ஆவி துரு நிறத்தில் இருந்தது.

அவள் பின்வாங்கினாள். காலில் ஏதோ இடித்தது. பூட்டாத அந்த டிராயர் தானாக வெளியே வந்திருந்தது. உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வடிதாள், ஒரு டோக்கன் எண். கறுப்பாக இருக்க வேண்டிய தாள்கள் எல்லாம் ஈரமாக, பழுப்பும் மஞ்சளுமாக ஊறிக் கிடந்தன.

அவள் மூச்சை இழுத்தாள்.

வரவில்லை.

நெஞ்சுக்குள் யாரோ ஈரச் சாக்கை அடைத்தது போல இருந்தது. வாயைத் திறந்தாள். காற்று தொண்டை வரைக்கும் வந்து நின்றது. காதுக்கு வெகு பக்கத்தில், பல வாய்கள் ஒன்றாக, கிசுகிசுத்தன.

"எடை சரியா இருக்கா?"

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணுக்குள் கறுப்புப் பொட்டுகள் பறந்தன.

"சரியா இருக்கா மேடம்?"

கதவு திறந்தது. தராசு அண்ணன் ஓடி வந்து பச்சைத் துணியை எடுத்துக் கூண்டின்மேல் போட்டார். அவள் நெஞ்சு பட்டென்று திறந்துகொண்டது. தரையில் உட்கார்ந்து, கண்ணீர் வழிய வழிய, காற்றைக் குடித்தாள்.

"சொன்னேனே! படிச்சவங்களுக்கு ஒரு தடவை சொன்னா ஏறாதே!"

"யார்ண்ணா இவங்க?"

அவர் துணியின் ஓரங்களை இழுத்துச் சரிசெய்தார். பிறகு டிராயரைக் காலால் தள்ளி மூடினார்.

"மூணாம் அடுக்குல வேலை பார்த்தவங்க. இருபத்திமூணு பேர். கடைசியா அவங்க கொடுத்த தாளுங்க. தூக்கிப் போட எனக்குக் கை வரலை. எடைன்னு பார்த்தா ஒருத்தர்கூட அளவைத் தாண்டலை. முதல் அடுக்குல இதைவிட அதிகத் தூசி. அங்க இருக்கறவன் இருபது வருஷமா நல்லா நடமாடறான். இவங்க ஆறு வருஷத்துல போயிட்டாங்க."

"முன்னாடி இருந்த கெமிஸ்ட்?"

"அவர் ஒரு நாள்கூடச் சுரங்கத்துக்குள்ள இறங்கினது இல்லை." அவர் குரல் இறங்கியது. "அவர் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்த டாக்டர், இவர் எத்தனை வருஷம் கரி வெட்டினார்னு கேட்டாராம்."

*

அன்று மாலையே அவள் நாலு கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைத்தாள். மூன்றில், கலக்குமுன் மீந்திருந்த கரியிலிருந்து மூன்று அடுக்குகளின் தூளையும் தனித்தனியாகப் போட்டாள். நாலாவதில் கலவை. எல்லாவற்றிலும் சுத்தமான தண்ணீரை ஊற்றினாள். மனித நெஞ்சுக்குள்ளும் ஈரம் இருக்கிறது, காற்றும் இருக்கிறது. இதை ஏன் ஒருவருமே செய்து பார்க்கவில்லை என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

முதல் அடுக்குத் தூளில் ஒரு சொட்டு அமிலம் விட்டாள். புஸ்ஸென்று நுரைத்தது. அதில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. எந்த அமிலம் வந்தாலும் அது விழுங்கிவிடும். மூணாம் அடுக்குத் தூளில் விட்டாள். நுரைக்கவே இல்லை. அதில் இருப்பது பொன்போல மினுங்குகிற கல். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. ஈரமும் காற்றும் பட்டால் அது சும்மா இருக்காது. அமிலத்தைக் கக்கும். தன் இரும்பைக் கரைத்து வெளியே விடும். நெஞ்சுக்குள் உட்கார்ந்து உள்ளிருந்தே அரிக்கும்.

தண்ணீர் மாறச் சில நாள் ஆகும். திங்கட்கிழமைக்கு நடுவில் இருப்பதே இரண்டு நாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அவனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் பூட்ஸுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு ஒரு நாள் லீவு போடுங்க. குவளையைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"மேஸ்திரி முதல் நாளே லீவா? பசங்க என்னைக் கிண்டல் பண்ணியே கொன்னுடுவாங்க."

"விளையாடாதீங்க. அந்த ரூம்ல என்னால மூச்சு விட முடியலை. அவங்க..."

"எவங்க?" அவன் நிமிர்ந்தான். சிரிப்பு போய்விட்டது. "ஊர்ல இருக்கறவங்க பயமுறுத்தறது போதாதா? கெமிஸ்ட்ரி படிச்ச நீயே பேய்க்கதை சொன்னா எப்படி? அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான்."

"உன் கையெழுத்தை நம்பித்தானே இறங்கறேன்," என்றான். அவன் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

*

திங்கட்கிழமை ஆறு மணிக்கு அவன் இறங்கினான்.

எட்டரைக்கு அவள் கூடத்தைத் திறந்தாள். முதல் குவளை தெளிவாக இருந்தது. இரண்டாவதும் தெளிவு. கலவைக் குவளையும் தெளிவு. அதில் பிறந்த அமிலத்தையெல்லாம் மற்ற அடுக்குகளின் சுண்ணாம்பு விழுங்கியிருந்தது. மூணாம் அடுக்கின் தண்ணீர் துரு நிறத்தில் கலங்கி நின்றது. நீல லிட்மஸ் தாளை அதில் தொட்டாள். தொட்ட இடம் சிவந்தது.

மேனேஜர் அறைக்குள் அவள் ஓடிய வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

"கலவையைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது சார். வண்டியிலதான் மூணும் கலந்து போகுது. எந்த மனுஷனும் மூணு அடுக்குலயும் ஒரே நேரத்துல நின்னு மூச்சு விடறதில்லை. அங்க இருக்கறவன் அந்தக் கரியை மட்டும்தான் சுவாசிக்கிறான்!"

அவர் குவளையைப் பார்க்கவே இல்லை. "தூசியோட எடை சட்டத்துக்குள்ள இருக்கா, இல்லையா?"

"எடை சரியாத்தான்..."

அதே வார்த்தை தன் வாயிலிருந்தே வந்ததைக் கேட்டு அவள் பாதியில் நிறுத்தினாள். அந்த அறையின் சன்னல்கள் மூடியிருந்தன. ஆனாலும் தீக்குச்சி வாசனை வந்தது.

"அப்புறம் என்ன? வேலையில சேர்ந்து அஞ்சு நாள்கூட ஆகலை. புருஷனைக் காப்பாத்த நாடகமா? வெளியே போங்க."

அவள் வெளியே போனாள். ஆனால் கூடத்துக்குப் போகவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பெரிய எழுத்தில் எழுதினாள்: மூன்றாம் அடுக்குக்கு நான் கொடுத்த சான்று தவறு. அதைத் திரும்பப் பெறுகிறேன். கீழே கையெழுத்து. இரண்டு மணி ஷிப்டு ஆட்கள் டோக்கன் வாங்குகிற சன்னலில் அதை ஒட்டி, பக்கத்தில் தெளிந்த கலவைக் குவளையையும் துருநிறக் குவளையையும் வைத்துவிட்டு நின்றாள்.

கூட்டம் சேர்ந்தது. முணுமுணுப்பு.

"வேலையை நிறுத்தவே அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வாங்கிட்டு வந்திருக்காங்க போல."

"ஏம்மா, போன வாரம் நல்ல கரி, இந்த வாரம் கெட்ட கரியா? உள்ளயே அழுகிடுச்சா?"

சிரித்தார்கள். ஒருவன் தாளைக் கிழிக்கக் கை நீட்டினான். அப்போது கூட்டம் விலகியது. எதிர்வீட்டு அக்கா வந்தாள். அவளுக்குச் சேதி எட்டியிருந்தது. மடித்திருந்த முந்தானையை அவிழ்த்து, தன் புருஷன் கொடுத்த மினுக்குக் கரியை டோக்கன் பலகையில் கொட்டினாள். அது கரியாக இல்லை. மஞ்சள் பொடியாகவும் துருவாகவும் உதிர்ந்திருந்தது.

"அலமாரியில சும்மா இருந்ததே இப்படி ஆச்சு," என்றாள். "நெஞ்சுக்குள்ள என்ன ஆகியிருக்கும்?"

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் நின்றவன் வாங்கிய டோக்கனைத் திரும்ப உள்ளே தள்ளினான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். பிறகு எல்லோரும்.

மூணாம் அடுக்கில் இறங்க ஆள் இல்லை. மாலைக்குள் அரசின் சுரங்க ஆய்வாளருக்குத் தகவல் போய், அந்த அடுக்கின் வாசலில் சங்கிலி விழுந்தது.

அவள் கூடத்துக்குத் திரும்பினாள். காற்று லேசாக இருந்தது. வாசனை இல்லை. பச்சைத் துணியை எடுத்தாள். எண் பூச்சியத்தில் நின்றது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். நின்றுகொண்டே இருந்தது.

"போயிட்டாங்களாண்ணா?"

தராசு அண்ணன் முதல்முறையாக அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "அப்படித்தான் தெரியுது." பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "இது காலை ஷிப்டோடது. எடை போட்டுட்டா வீட்டுக்குப் போயிடலாம்."

டப்பாவின் மேல் 417 என்று இருந்தது. அவனுடைய டோக்கன் எண்.

ஒரே ஒரு ஷிப்டு. எட்டு மணி நேரம். அவ்வளவுதானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டே அவள் வடிதாளை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தாள். கதவுகளை மூடினாள். எண் ஏறி நின்றது. அளவுக்குள்தான் இருந்தது.

வீட்டுக்குப் போன் செய்தாள். அவன் எடுத்தான். குரலில் தூக்கக் கலக்கம்.

"என் முதல் நாளையே கடைசி நாளாக்கிட்டீங்களே மேடம்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "கோபமா?"

"கோபம்தான். வந்து சமாதானப்படுத்து. அதுவரைக்கும் தூங்கறேன்."

போனைத் துண்டிக்காமலே தலையணையில் போட்டுவிட்டான். சிறிது நேரத்தில் அந்த மூச்சு வந்தது. உள்ளே போனது. உச்சியில் ஒரு நொடி நின்றது. மெல்லிய விசில். வெளியே வந்தது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள்.

கண்ணைத் திறந்தபோது தராசின் எண் ஏறிக்கொண்டிருந்தது.

ஏறியது. உச்சியில் ஒரு நொடி நின்றது. இறங்கியது.

போனில் விசில். எண் நின்றது. போனில் வெளிமூச்சு. எண் இறங்கியது.

தராசு அண்ணன் கையிலிருந்த பச்சைத் துணி தரையில் விழுந்தது. கூண்டின் கண்ணாடியில், உள்பக்கம், ஒரு வாயின் அகலத்துக்கு ஆவி படியத் தொடங்கியது. இன்னும் துரு ஏறாத, வெள்ளை ஆவி.

அவள் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை இறங்கும்போதும், கடைசி இலக்கம் மட்டும், முன்பு நின்ற இடத்துக்கு ஒரு புள்ளி மேலேயே நின்றுவிட்டது.